தரையில் சரியாக இருந்த இன்ஜின்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் செய்த வேலையில் குறை இருக்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அவர்களோடு இரண்டு நாள் பேசமாட்டேன். இருபத்தெட்டு வருடம் அணுமின் நிலையத்தில் பம்ப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழலும்படி இரண்டையும் பொருத்துவதை அலைன்மெண்ட் என்போம். எங்கள் பிரிவில் அது என் வேலை. தலைமுடியின் கனத்தில் பாதி விலகியிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. நான் கையெழுத்துப் போட்ட பம்ப் எதையும் யாரும் திரும்பப் பிரித்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிவேன். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டேன்.

சொந்த ஊர் கரூர் பக்கம். கடல் காற்று ஜன்னலில் அடிக்கிற நகரியத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. நீச்சல் தெரியாது, அலையைப் பார்த்தால் பயம். கடலோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு எங்கள் குடியிருப்பு வாசலில் மீன் விற்ற அம்மாதான். மீன்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குப்பம்.

ஒரு சனிக்கிழமை அவர் கூடையில் இருந்த மீன் ஏலத்தில் வாங்கியது என்று பார்த்ததுமே தெரிந்தது. "உங்க படகு மீன் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயி ஒரு மாசம் ஆவுது சார். வலது தோள்பட்ட பூட்ச்சு" என்றார்.

அந்தப் படகுக்கு இன்ஜின் பின்பக்கம் வெளியே தொங்கும். ஓட்டுகிறவர் அதன் கைப்பிடியைப் பிடித்து, இன்ஜின் முழுவதையும் இப்படியும் அப்படியும் திருப்பித்தான் படகைத் திருப்ப வேண்டும். எங்கள் பக்கத்துக் கரையில் துறைமுகம் கிடையாது. அலையோடு வந்து மணலில் ஏறுவதுதான் வழக்கம். மணல் தட்டும் முன் சரியான நொடியில் இன்ஜினை நிறுத்தித் தூக்காவிட்டால் தண்ணீரில் சுழலும் புரொப்பல்லர் உடைந்துவிடும். பிறகு இன்ஜினைக் கழற்றி, கட்டையில் கட்டி, இரண்டு பேர் தோளில் வைத்து மேட்டுக்குச் சுமக்க வேண்டும். இதை முப்பது வருடம் செய்த தோள் அது. இனிமேல் கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, கனம் தூக்கவே கூடாது என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"படக வித்துட்டு கேளம்பாக்கத்துல ஃபிளாட்டுக்கு வாட்ச்மேனா போறேன்றாரு. ஏஜென்சிக்காரன்கிட்ட பேசிட்டாரு. அந்த மனுஷன் கேட்டாண்ட சேர் போட்டுகினு குந்தினா ஒரே வருசத்துல செத்துப்பூடுவாரு சார்" என்றார் மீன்காரம்மா. சொல்லிக்கொண்டே நான் வாங்கிய சங்கரா மீனைச் செதில் நீக்கிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் உடைந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்ஜின படகுக்குள்ளயே வெச்சுட்டா என்னம்மா? தூக்கவே வேண்டாமே. பின்னாடி சுக்கான் ஒண்ணு மாட்டிட்டா ரெண்டு விரலால ஓட்டலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் அவர் தம்பி பைக்கோடு என் வாசலில் நின்றான். "அக்கா இட்டுகினு வரச் சொல்லிச்சு சார்" என்றான். தம்பி என்றாலும் நாற்பது வயது இருக்கும். மாமாவின் படகில் வலை இழுக்கிற இருவரில் ஒருவன்.

படகுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் "அண்ணே" என்றேன், அவர் "சாரு" என்றார். யோசனையைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அடியில புரொப்பல்லர் நிலையா நின்னுகினா மணல்ல ஏத்த முடியாதே." எனக்கு அது தோன்றவே இல்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். மழைக்குப் பிறகு பாலாற்று முகத்துவாரம் திறந்திருந்தது. படகை மணலில் ஏற்றாமல் ஆற்றுக்குள் கயிற்றில் கட்டிவைக்கலாம் என்றார்.

அதன்பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்பு நிழலில் கழிந்தது. மணல் மூட்டைகளை முட்டுக் கொடுத்துப் படகை நிறுத்தியிருந்தோம். காசிமேட்டில் பழைய டீசல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. அதைப் பிரித்துப் பூட்டினேன். இன்ஜின் உட்கார இரண்டு நீளக் கட்டைகளைப் படகின் வயிற்றில் வைத்து ஃபைபரால் மூடும் வேலையைப் படகுக்காரர் இடது கையால் செய்தார். அடியில் துளை போட்டுத் தண்டைச் செலுத்தினோம். தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்புக்கு கிளாண்ட் என்று பெயர். பம்பிலும் அதேதான், எனக்கு வீட்டுச் சோறு மாதிரி. மீன்துறை ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டியதைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

சுக்கான் பிடியை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிறு போயிற்று. படகுக்காரரைப் பலகையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, வலது கையை வலிக்காத இடத்தில் தளர்த்தி வைக்கச் சொன்னேன். கை எங்கே நின்றதோ அங்கேயே பிடியை வைத்தேன். அந்த வேலைகளில் நான் யோசித்துச் செய்தது இது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

கடைசி ஞாயிறு, இன்ஜினையும் தண்டையும் இணைக்கும் நாள். ஆபீசில் செய்வதுபோலவே டயல் கேஜ் மாட்டி, மேல், கீழ், இடம், வலம் என்று அளந்து, மெல்லிய தகடுகளைச் செருகி, முள் அசையாத அளவுக்குக் கொண்டுவந்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. போல்ட்டுகளை இறுக்கி, மேலே ஃபைபர் பூசி மூடிவிடலாம் என்றேன்.

படகுக்காரர் தயங்கினார். "சார், இப்ப லேசா முடுக்கி வுடலாம். தண்ணில எறக்கி ரெண்டு நாள் கெடக்கட்டும். படகு நல்லா ஒக்காந்தப்புறம் டைட் பண்ணலாமே."

"ஏன், தண்ணில இறங்குனா இன்ஜின் எந்திரிச்சு நடந்து போயிடுமா?"

"இன்ஜின் போவாது சார். படகு மாறும்."

"ஃபைபர் எப்படிண்ணே மாறும்? நீங்க மீன் புடிக்கிறதப் பாருங்க. இத நான் பாத்துக்கறேன்."

அவர் மைத்துனன் முன்னாலும், கூட வலை இழுக்கும் இன்னொருவர் முன்னாலும் இப்படிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. குனிந்து ஃபைபர் பசையைக் கலக்க ஆரம்பித்தார்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு அலைன்மெண்டுக்கும் ஒரு தாள் உண்டு. நான்கு பக்க அளவு, கீழே கையெழுத்து. பழக்க தோஷத்தில் படகுக்கும் ஒன்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மீன்காரம்மா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்ஜின் மூடியின் உள்பக்கம், அம்மன் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

படகு இறக்கிய அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, டிராக்டர் வைத்து ஆற்றுக்குள் தள்ளினார்கள். "ஏறுங்க சார்" என்று மூன்று பேரும் கூப்பிட்டார்கள். கரையில் நின்று கேட்டால்தான் இன்ஜின் சத்தம் சரியாகப் பிடிபடும் என்று சொல்லி நழுவினேன். அது பொய். முகத்துவாரத்தில் வெள்ளையாகப் புரண்ட அலைதான் காரணம்.

ஆற்றுக்குள் சத்தம் அருமையாக இருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டும்போது மாறியது. தடதடவென்று ஒரு அதிர்வு, கரையில் நின்ற என் பல்லில் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. படகு அலைக்குக் குறுக்கே திரும்புவது தெரிந்தது. குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். படகுக்காரர் எழுந்து நின்று, ஒற்றைத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து வலித்து, படகின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்தினார். அந்தத் தோளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வலித்தார் என்று தெரியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறொரு படகு போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தது.

படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கிளாண்ட் கருகிய வாசனை கரையிலேயே அடித்தது. அந்த வாசனை எதைச் சொல்கிறது என்று அங்கிருந்தவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தண்டு கோணலாகச் சுழன்றிருக்கிறது.

குப்பமே கூடிவிட்டது. "இன்னா அண்ணாத்த, இன்ஜின் மாத்துறேன்னு படகை ஓட்ட பண்ணிட்டியா?" என்று ஒருவர் சிரித்தார்.

படகுக்காரர் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். "சாரு கரெக்டாத்தான் வெச்சுக் குடுத்தாருப்பா. காலைல நான்தான் ஒரு போல்ட்டத் தப்பா முடுக்கிட்டேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ பேரை எத்தனையோ சின்னத் தப்புக்காக நாலு பேர் முன்னால் கிழித்திருக்கிறேன். அன்றைக்கு என் பழியை ஒருவர் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டபோது, நல்லவேளை என்று பஸ் ஏறி வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

என்ன நடந்தது என்பது மறுநாள் வேலைக்குப் போய் பம்ப் முன்னால் நின்றதுமே விளங்கிவிட்டது. பம்ப் கான்கிரீட்டில் நிற்கிறது. இன்று அளந்தது நாளையும் இருக்கும். படகு மணலில் கிடக்கும்போது மூட்டை இருக்கும் இடத்தில் மட்டும் தாங்கல். தண்ணீரில் இறங்கினால் அடி முழுக்கத் தாங்கல். அத்தனை கனமான இன்ஜினை வயிற்றில் சுமக்கும் ஃபைபர் கொஞ்சம் வளையத்தான் செய்யும். தரையில் நான் வைத்த நேர்கோடு தண்ணீரில் இல்லை. படகுக்காரர் இதைத்தான் இரண்டு வார்த்தையில் சொன்னார். எனக்கு டயல் கேஜ் சொன்னால்தான் காதில் விழும்.

இரண்டு வாரம் மீன்காரம்மா உட்காரும் வாசல் பக்கம் போகவில்லை. வீட்டில் கோழி வாங்கச் சொன்னேன். ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் காத்துக்கொண்டு நின்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பையை என் கையில் திணித்தார். உள்ளே நல்ல வஞ்சிரத் துண்டுகள்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஏழு வாரம் ஒரு டீ காசுகூட வாங்காம பண்ணிக் குடுத்தீங்க. இந்த மனுஷன் அவசரப்பட்டு அத்தக் கெடுத்துட்டாரு. மூஞ்சில முழிக்கவே எனக்கு வெக்கமா கீது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒண்ணாந்தேதி கேளம்பாக்கத்துல சேர்றாரு. எந்தம்பியும் இன்னொருத்தனும் வேற படகுக்குப் போறாங்களாம். ஆளு இல்லாம படக வெச்சுகினு இன்னா பண்றது?"

வீட்டுக்காரர் அவரிடம்கூட உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அந்த வஞ்சிரத்தை வீட்டில் வறுத்து வைத்தார்கள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். இறங்கவில்லை. எழுந்து கைகழுவிவிட்டேன்.

விடிந்ததும் கிளம்பிக் குப்பத்துக்குப் போனேன். மூன்று பேரும் தோப்பில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீன்காரம்மா கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காராமல், நின்றபடியே சொன்னேன். "தப்பு என்னுது. அண்ணன் எந்த போல்ட்டையும் தொடல. தண்ணில போட்டு அப்புறம் இறுக்கலாம்னு அவர் சொன்னார், நான் கேக்கல. கூட்டத்து முன்னாடி அவர் பழிய ஏத்துக்கிட்டப்பவும் நான் ஊமையா நின்னேன். மன்னிச்சிடுங்கண்ணே."

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்தார். தம்பி வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றான். "மாமாவுக்குப் பொய்யே வராது. இன்ஜின் நின்னப்போ கவுரு போட வேற படகு வந்துகினு இருந்துச்சு. அதுக்குள்ள, கை வலில துடிச்சிகினே, மூடிய தொறந்து உங்க பேப்பர உருவி டவுசர் பையில சொருவிகினாரு. உங்க கையெழுத்த வந்தவன் பாத்துடக் கூடாதுன்னு. அப்பவே புரிஞ்சிக்கினோம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சும் ஏன் வேற படகுக்குப் போறேங்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இன்ஜின் வெச்ச ஆளே ஏறாம கரைல நின்னா, நாங்க இன்னாத்த நம்பி ஏறுறது?"

"இந்தத் தடவ ஏறறேன்" என்று மட்டும் சொன்னேன்.

படகுக்காரர் வலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "வுடு சார். இப்ப எப்டி சரி பண்றது, அத்தச் சொல்லு" என்றார். இத்தனை நாள் 'நீங்க' போட்டவர் அன்றைக்குத்தான் 'சொல்லு' என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பூசவைத்த ஃபைபரை நானே உளி வைத்து உடைத்தேன். கருகிய கிளாண்டுக்குப் புதிய பேக்கிங் கயிறு திணித்தோம். படகை ஆற்றில் மிதக்கவிட்டு, கடலுக்குப் போகிற நாளில் எப்படி இருக்குமோ அப்படியே கனம் ஏற்றச் சொன்னார் படகுக்காரர். வலை முழுக்க ஏறியது, பெட்டியில் ஐஸ் ஏறியது, டீசல் ரொப்பினோம், தம்பியும் மற்றவரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்கள். படகு இரண்டு நாள் அப்படியே கிடந்தது. நாங்கள்தான் ஏறி இறங்கினோம். மூன்றாம் நாள் நான் படகின் வயிற்றில் குப்புறப் படுத்து, இணைப்பின் இடைவெளியில், ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். தரையில் மெல்லிய தகடுகூட நுழையாமல் இருந்த இடத்தில், தகடுகளிலேயே கனமானது கீழ்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அவ்வளவு விலகல். பம்பாக இருந்தால் அப்படி வைத்தவனை வேலையை விட்டே துரத்தியிருப்பேன்.

ஆற்றுத் தண்ணீரின் ஆட்டத்துக்கே மூன்று தடவை வாந்தி எடுத்தேன். படகுக்காரர் ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் வாளியும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அளவு திடீரென்று மாறியது. பார்த்தால் தம்பி தண்ணீர் குடிக்க முன்பக்கம் நகர்ந்திருக்கிறான். "யோவ், நகராதய்யா!" என்று கத்தினேன். என் பழைய குரல் அது.

"மூக்கு அரிக்குது சார். சொறியலாமா, இல்ல அதுக்கும் அளவு மாறுமா?" என்றான் தம்பி. வாளியைப் பிடித்திருந்தவர் சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடியது.

அன்று சரிசெய்ததை இறுக்காமல் விட்டு, மறுநாள் காலையில் திரும்ப அளந்தேன். மாறவில்லை. "இறுக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் படகின் விளிம்பைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன்.

ஒண்ணாந்தேதிக்கு இரண்டு நாள் முன்பு புறப்பட்டோம். எனக்கு இரண்டு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள், கேலிக்கா அக்கறையா தெரியாது. முகத்துவாரத்தில் படகு எழும்பி விழுந்தபோது அம்மா என்று கத்தினேன். நான் கத்தியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. தண்டு மட்டும் சீராகச் சுழன்றது. அலையைத் தாண்டி, கரை மெல்லிய கோடாகி, மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் வடக்கே தெரிகிற தூரம் வரை போனோம். நான் கிளாண்ட் மேல் உள்ளங்கையை வைத்தபடியே கிடந்தேன். சுடவில்லை. சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. அப்படித்தான் கசிய வேண்டும்.

தம்பி பின்பக்கம் போனான். "மாமா, ஒரு மணி நேரம் ஆச்சு. கை வலிக்கும், குடு நான் புடிக்கிறேன்."

"வலிக்கலடா" என்றார் படகுக்காரர். வலது கை சுக்கான் பிடியில் தளர்வாக இருந்தது. "நீ போயி வலைய எறக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி வாந்தி என்று நினைத்து மற்றவர் ஓடிவந்து வாளியை நீட்டினார். நானும் வாளிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

திரும்பி ஆற்றுக்குள் நுழைந்தபோது மீன்காரம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். மீன் எவ்வளவு என்று கேட்கவில்லை. புருஷன் வலது கையால் கயிற்றை வீசியதைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, எங்கள் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஏஜென்சியா சார்? எங்க வூட்டுக்காரரு வரமாட்டாரு, நீ வேற ஆளப் பாத்துக்கோ. ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். அவரு கடலுக்குப் போறாரு."